பொம்பளைச் சீக்கு

கொழும்பு புறக்கோட்டையில் மாடிப்படிக்குக் கீழே ஒடுக்கமான ஒரு டிஸ்பென்சரி. 1995 டிசம்பர். டாக்டர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"பொம்பளைங்ககிட்ட போனியா?"

"இல்லீங்க டாக்டர்."

"சத்தியமா?"

"சத்தியமா போகல்லீங்க."

அப்படியென்றால் பயப்பட ஒன்றுமில்லை, உராய்ந்து வந்த புண்தான் என்று சொல்லி ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். நான் பொய் சொல்லவில்லை. அவரும் தெரிந்து தப்புச் செய்திருக்க மாட்டார். மிளகு அளவில் ஒரு புண். வலி கிடையாது. ஓரம் தடித்து, தொட்டால் சட்டைப் பொத்தான் மாதிரிக் கெட்டியாக இருந்தது. துணிக்கடையில் வேலை பார்க்கிறவனுக்குப் பொத்தான்தானே ஞாபகம் வரும்! மூன்று நான்கு வாரத்தில் ஆறிவிட்டது. களிம்பின் வேலை என்று நம்பினேன். அந்த டாக்டருக்கு நல்ல கைராசி என்று கடைப் பையன்கள் இரண்டு பேரிடம் சொல்லியும் வைத்தேன்.

எங்கள் தோட்டத்தில் அந்த வகை நோய்கள் அத்தனைக்கும் ஒரே பெயர்தான்: பொம்பளைச் சீக்கு. கொஞ்சம் படித்தவர்கள் மேகநோய் என்பார்கள். நாட்டு வைத்தியர் வெட்டை என்பார். இன்னும் பழைய ஆட்களுக்கு அது பறங்கிப்புண். வெள்ளைக்காரன் கொண்டுவந்தான் என்று ஒரு பெயர், பொம்பளை கொடுத்தாள் என்று ஒரு பெயர். நம் ஊர் ஆம்பளை எதையாவது கொண்டுவந்தான் என்று சொல்லும் பெயர் ஒன்றுகூட நான் கேட்டதில்லை.

பதுளையிலிருந்து பசறைக்குப் போகிற வழியில், நமுனுகுலை மலையைப் பார்த்தபடி இருக்கிறது எங்கள் தோட்டம். அப்பா கவ்வாத்து வெட்டினார், அம்மா கொழுந்து எடுத்தார். ஓ லெவல் முடித்த கையோடு என்னைப் புறக்கோட்டைத் துணிக்கடை ஒன்றில் சேர்த்துவிட்டார்கள். மலையகத்துப் பையன்கள் பாதிப் பேர் அப்படிப் போனவர்கள்தான். எனக்கு ஆண்கள்மேல்தான் நாட்டம் என்பது இருபது வயதில் எனக்குத் திட்டமாகத் தெரியும். அதைச் சொல்ல ஒரு சொல்தான் கையில் இருக்கவில்லை. சிங்களத்தில் இருந்ததும் வசவு, தமிழில் இருந்ததும் வசவு. தன்பாலீர்ப்பு என்கிற சொல்லை முதன்முதலில் அச்சில் பார்த்தபோது எனக்கு முப்பது தாண்டியிருந்தது. சட்டம் மட்டும் எங்களை மறக்காமல் வைத்திருந்தது. வெள்ளைக்காரன் காலத்துத் தண்டனைச் சட்டக் கோவையின் 365அ பிரிவு அதுவரை ஆண்களை மட்டும்தான் சொன்னது. 1995இல் அதைத் திருத்தி, பெண்களும் அகப்படுகிற மாதிரிச் சொல்லை மாற்றினார்கள். திருத்தம் என்றால் அப்படியும் ஒரு திருத்தம்.

கடைப் பையன்களில் சிலர் சம்பளம் வாங்கிய இரவில் பெண்களிடம் போய்வருவார்கள். பிறகு ஒருநாள் காலை அகட்டி நடப்பார்கள், ஊசி போட்டுக்கொண்டு வருவார்கள். பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். காலிமுகத்திடலில் இருட்டிய பிறகு நான் சந்தித்தவர்கள் எல்லாரும் ஆண்கள். ஆகவே எனக்கு வராது. என் கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது. புறக்கோட்டை டாக்டர் அந்தக் கணக்குக்கு முத்திரையும் குத்திக் கொடுத்துவிட்டார்.

ஆணுறையைப் பற்றித் தெரியாது என்று சொல்ல முடியாது. 'பிரீத்தி' என்ற பெயரில் அது 1973இலிருந்தே இலங்கைப் பெட்டிக் கடைகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் அதைக் கொண்டுவந்தது குடும்பத் திட்டச் சங்கம். பிள்ளை பெறாமல் இருப்பதற்கான சாமான் என்றுதான் எல்லாரும் அறிவார்கள். தோட்டத்தில் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே ஒரு கசப்பு வேறு. நம் சனத்தைக் குறைக்கப் பார்க்கிறார்கள் என்று பெரியவர்கள் இஸ்தோப்பில் உட்கார்ந்து பேசுவதைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆணோடு படுக்கிறவனுக்கு ஏது பிள்ளை, எதற்கு பிரீத்தி?

1996 ஜனவரி 31ஆம் திகதி மத்திய வங்கியில் குண்டு வெடித்தது. எங்கள் கடைக் கண்ணாடிகள் கீழே கொட்டின. அதற்கப்புறம் புறக்கோட்டையில் தமிழ்ப் பையனாக நடமாடுவது எப்படி இருந்தது என்பது அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். முதலாளி கொஞ்ச நாள் ஊரில் இருந்துவிட்டு வரச் சொன்னார். இரவுத் தபால் ரயிலில் ஏறினேன். கோட்டையிலிருந்து பதுளைக்கு 292 கிலோமீட்டர், அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது. வழியில் இரண்டு இடத்தில் அடையாள அட்டை கேட்டார்கள். தெமோதரை வளைவில் விடிந்தது. ஜன்னல் கண்ணாடியில் என் தலையைப் பார்த்தேன். பின்பக்கமும் காதோரமும் முடி அங்கங்கே திட்டுத் திட்டாகக் கொட்டியிருந்தது. கொழும்பில் சலூன்காரர் அதைப் புழுவெட்டு என்று சொல்லியிருந்தார், சின்ன வெங்காயத்தைத் தேய்க்கச் சொன்னார். தேய்த்துக்கொண்டுதான் இருந்தேன். தொண்டையும் கரகரத்தது. ரயில் பனி என்று நினைத்தேன்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மாசி பிறந்திருந்தது. தோட்டத்தில் காமன் கம்பம் ஊன்றப்போகிறார்கள். காமன் கூத்து எங்களுக்கு வெறும் கூத்து இல்லை, நேர்த்தி. பதினைந்து இருபது நாள் தப்பு அடி ஓயாது. சிவன் மன்மதனை எரிப்பார், ரதி மண்ணில் விழுந்து புலம்புவாள். கொழுந்து மலையிலிருந்து நேரே கூடையோடு வந்து நிற்கிற பெண்கள் எல்லாம் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். ரதி வேஷம் கட்டுவது ஆண்தான். அந்த வருஷமும் அதற்கு முந்திய ஆறேழு வருஷமும் கட்டியவர் ஒரே ஆள். ஸ்டோரில் வேலை, கல்யாணமாகி இரண்டு வருஷம், என்னைவிட நாலு வயது மூத்தவர். பெயரை எழுத மாட்டேன். மாசி போய் ஆடி வந்தாலும் தோட்டம் அவரை ரதி என்றுதான் கூப்பிட்டது. நான் அண்ணே என்பேன்.

வேஷம் கட்டுகிறவர்கள் விரதம் இருக்க வேண்டும். கவிச்சி கூடாது, பெண்ணைத் தொடக் கூடாது. ஒருநாள் முகத்துப் பூச்சைக் கழுவிக்கொண்டே ரதி அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பொம்பளையதான் தொடக் கூடாதுன்னு சொல்லிருக்கு தம்பி."

கம்பம் எரிந்து, கூத்து முடிந்து, பங்குனி பிறந்தது. என்ன நடந்தது என்று விரித்து எழுதப் போவதில்லை. இரண்டு வளர்ந்த ஆட்கள், இரண்டு பேருக்கும் இஷ்டம். எனக்கு அது சந்தோஷமான மாதம். இன்றைக்கும் அதை அப்படித்தான் நினைக்கிறேன். என் உடம்பில் இருந்தது மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

சித்திரையில் அவருக்கு 'மூலம்' வந்தது. வலிக்கவில்லை, ஆனால் ஏதோ தட்டுப்படுகிறது என்றார். துத்தி இலை வதக்கிக் கட்டினார், போய்விட்டது. வைகாசியில் உடம்பெங்கும் பூத்துவிட்டது. அம்மா போட்டிருக்கிறது என்று காம்பராவுக்குள் படுக்க வைத்தார்கள். வாசலில் வேப்பிலைக் கொத்து, சட்டியில் மஞ்சள் தண்ணீர். மனைவியை அடுத்த லயத்துக்கு அனுப்பிவிட்டார்கள். நான் பார்க்கப் போனபோது அவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். இரண்டு உள்ளங்கையிலும் செம்பு நிறத்தில் வட்ட வட்டமாகப் புள்ளிகள். உள்ளங்காலிலும் அப்படியே. பக்கத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஒரு கிழவி சொன்னது எனக்கு இன்றைக்கும் காதில் நிற்கிறது.

"அம்மா போட்டா அரிக்கும், நீர் கோத்துக்கும். இவனுக்கு அரிப்பே இல்லங்கிறான். உள்ளங்கையில வேற வந்திருக்கு. இது என்னா அம்மாவோ."

யாரும் காது கொடுக்கவில்லை. தோட்டத்தில் அன்று சரியாக நோயைப் பார்த்தது அந்தக் கிழவி ஒருத்திதான். மூன்று தண்ணீர் ஊற்றினார்கள், புள்ளிகள் மங்கின. அம்மா இறங்கிவிட்டாள் என்று கோயிலில் தேங்காய் உடைத்தார்கள்.

எங்கள் இரண்டு பேருக்கும் வந்திருந்தது சிபிலிஸ். அதன் குணமே அதுதான். முதலில் வலிக்காத ஒரு புண், அது தானாக ஆறும். அப்புறம் ஒரு தடிப்பு. சிலருக்கு முடி கொட்டும், தொண்டை புண்ணாகும், காய்ச்சல் அடிக்கும். அதுவும் தானாக மறையும். பிறகு வருஷக்கணக்காகச் சத்தமில்லாமல் உள்ளே கிடக்கும். எழும்பினால் இதயம், மூளை, கண் என்று எதையும் பிடிக்கலாம். ஒவ்வொரு தடவையும் அது மறையும்போது யாராவது ஒருத்தர் பெயர் வாங்கிக்கொண்டு போவார். என் விஷயத்தில் களிம்பும் வெங்காயமும், அவர் விஷயத்தில் துத்தி இலையும் மாரியம்மனும்.

நான் கொழும்புக்குத் திரும்பினேன். முடியும் முளைத்துவிட்டது.

1997 தொடக்கத்தில் ஒரு காலை, ரதி அண்ணன் கடை வாசலில் வந்து நின்றார். இரவு ரயிலில் உட்கார்ந்தே வந்திருக்கிறார். பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்குப் போனோம். அவர் வெறுந்தேத்தண்ணியைத் தொடவே இல்லை. அடையாள அட்டை உறையிலிருந்து நாலாக மடித்த ஒரு துண்டை எடுத்து மேசையில் வைத்தார். அதில் ஆள் பெயர் இல்லை, நோயின் பெயரும் இல்லை. ஒரு இலக்கமும் ஏதோ ஒரு குறியும்தான்.

"தம்பி, ஒண்ணு கேக்கிறேன், கோவிச்சுக்காத. ஒனக்கு எப்பயாவது புண்ணு வந்திச்சா?"

மதினிக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, அப்போதுதான் வயிற்றில் பிள்ளை. கல்யாணமாகி மூன்று வருஷம்தான். ஆனால் தோட்டத்தில் மூன்று வருஷமே நீளம். வயிற்றில் தங்கியதும் மிட்வைஃப் அம்மா வழக்கம்போல எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் எடுக்கிற இரத்தத்தை எடுத்திருக்கிறார். வீ.டீ.ஆர்.எல். சோதனை. அதில் பிடித்துவிட்டது. பதுளைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. என்ன சீக்கு என்று மாமியார் தோண்டித் துருவியிருக்கிறார். யாரோ அந்தப் பெயரைச் சொல்லிவிட்டார்கள்.

"பொம்பளச் சீக்குன்னு சொன்னாங்க தம்பி. எங்க ஆத்தா அவள வெளக்கமாத்தால அடிச்சிருச்சி. வயித்துப் புள்ளக்காரிய. நான் பாத்துக்கிட்டு நின்னேன்."

இதை எழுத உட்கார்ந்ததே இந்த ஓர் இடத்துக்காகத்தான். அந்தப் பெயர் எங்கள் இரண்டு பேரிடமும் உங்களுக்கு வராது என்று பொய் சொன்னது. வந்தபோது, எங்கும் போகாமல் கொழுந்து மலைக்கும் காம்பராவுக்கும் நடந்துகொண்டிருந்த ஒருத்தியைக் காட்டிக்கொடுத்தது. பெயர் செய்ததா, நான் செய்ததா என்று கேட்டால், இரண்டும்தான். கோட்டையிலிருந்து இரவு ரயிலில் அதைச் சுமந்து வந்தவன் நான்.

அடுத்த நாள் அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு, கொழும்பு டி சேரம் பிளேஸில் இந்த வகை நோய்களுக்கென்று இருக்கிற அரசாங்கக் கிளினிக்குக்குப் போனேன். கேட் வரைக்கும் போய் இரண்டு தடவை திரும்பி, மூன்றாவது தடவைதான் உள்ளே நுழைந்தேன். இலக்கம் எழுதிய அட்டை கொடுத்தார்கள், இலக்கத்தைத்தான் கூப்பிட்டார்கள். உள்ளே ஒரு பெண் டாக்டர், சிங்களவர், நடுத்தர வயது. தமிழை உடைத்து உடைத்துப் பேசினார். தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, வயதைக் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"ஆம்பள கூடவா, பொம்பள கூடவா, ரெண்டுமா?"

எனக்கு இருபத்தைந்து வயது. அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பதில் வர நேரமாயிற்று. அவர் பேனாவை மூடிவிட்டுக் காத்திருந்தார். சொன்னேன். எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். வாயாலா, பின்னாலா, இரண்டும் உண்டா, கடைசியாக எப்போது? முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. தொண்டையிலும் பின்பக்கத்திலும் பஞ்சுக் குச்சி வைத்து எடுத்தார்கள். கொனோரியா அந்த இரண்டு இடத்திலும் வலியும் சீழும் காட்டாமல் உட்கார்ந்திருக்கும், சிறுநீரை மட்டும் சோதித்தால் தப்பிவிடும் என்று விளக்கினார். ஆண்களோடு போகிற ஆண்களிடம் இந்தக் கேள்விகளைக் கேட்காமல் பார்க்கிற சோதனை அரைச் சோதனைதான் என்பதை அன்று புரிந்துகொண்டேன்.

எனக்கு ஏன் வந்தது என்று கேட்டேன். பாவத்துக்கு என்று சொல்வார் என்று ஒரு பயம். அவர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஏழெட்டுப் புள்ளிகள் வைத்து, ஒன்றோடொன்று கோடு இழுத்தார். உங்கள் ஆட்கள் கொஞ்சப் பேர், அந்தக் கொஞ்சப் பேரே ஒருவரை ஒருவர் சந்திக்கிறீர்கள், ஒளிந்து சந்திக்கிறீர்கள், வைத்தியரிடம் வர வெட்கப்படுகிறீர்கள், ஒரு புள்ளிக்கு வந்தால் எல்லாப் புள்ளிக்கும் போகப் பாதை இருக்கிறது. எனக்கு உடனே கொப்புள நோய் ஞாபகம் வந்தது. மழை மாதத்தில் ஒரு தேயிலைச் செடியின் தளிரில் வரும், நெருக்கி நட்ட மலை என்றால் வரிசை முழுக்கப் பிடித்துவிடும். செடி என்ன பாவம் செய்தது? இன்னொன்றும் சொன்னார். பின்பக்கத்து உட்தோல் மெல்லியது, சுலபமாகக் கீறும், அதனால் எச்.ஐ.வி. மற்ற வழிகளைவிட அந்த வழியில் எளிதாக உள்ளே போகும். சிபிலிஸ் புண் இருந்தால் கதவைத் திறந்து வைத்த மாதிரி.

பென்சதீன் பெனிசிலின், 24 லட்சம் யூனிட். பால் மாதிரிக் கெட்டியான மருந்து, தடித்த ஊசி. இரண்டு பிட்டத்திலும் பாதிப் பாதி. வாரத்துக்கு ஒரு முறை, மூன்று வாரம். முதல் ஊசி போட்ட இரவு குளிர் காய்ச்சல் தூக்கிப் போட்டது. கிருமி சாகும்போது அப்படி வரும், பயப்படாதே என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். மூன்று நாளைக்கு என்னால் கடை ஸ்டூலில் உட்கார முடியவில்லை. பையன்கள் சிரித்தார்கள். முன்பு நான் சிரித்த சிரிப்புத்தானே என்று வாங்கிக்கொண்டேன்.

எச்.ஐ.வி.க்கும் இரத்தம் எடுத்திருந்தார்கள். இலங்கையர் ஒருவருக்கு அது இருப்பது முதலில் தெரிந்தது 1987இல். பத்து வருஷம் கழிந்தும் அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான், சாவு. கூட்டு மருந்துகளின் செய்தி 1996இல் வன்கூவர் மாநாட்டிலிருந்து உலகமெல்லாம் போயிருந்தாலும், இந்த நாட்டில் அரசாங்கம் அந்த மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்க 2004 வரை ஆயிற்று. முடிவு வருகிற வரைக்கும் தினமும் கடை மூடிய பிறகு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினேன். நான் வேதக்காரன் இல்லை. கொழும்பில் கஷ்டம் வந்தால் எல்லாச் சாதி சமயத்தாரும் போகிற இடம் அது. இல்லை என்று வந்தது. மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள், அப்போதும் இல்லை.

ரதி அண்ணனுக்கும் மதினிக்கும் பதுளையில் ஊசி போட்டார்கள். பிள்ளை அந்த வருஷம் ஆவணியில் பிறந்தது, ஒரு குறையும் இல்லை. தாய்க்குப் பிரசவத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்னாலாவது ஊசி போட்டுவிட்டால் பெரும்பாலும் பிள்ளை தப்பிவிடும். போடாவிட்டால் வயிற்றிலேயே சாகலாம். 2019 டிசம்பரில், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் போவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. பேப்பரில் அமைச்சரும் அதிகாரிகளும் நின்ற படம் வந்திருந்தது. எனக்கு லயத்து லயமாக ஏறி இறங்கி இரத்தம் எடுத்த அந்த மிட்வைஃப் அம்மாவின் குடைதான் கண்ணில் வந்தது.

ரதி அண்ணன் மதினியிடம், நான்தான் கொண்டாந்தேன், உன்மேல குத்தமில்ல என்று சொல்லிவிட்டார். எங்கிருந்து என்று அவர் கேட்கவில்லையாம். மாமியாரிடம் கடைசி வரை யாரும் சொல்லவில்லை. அண்ணன் 2011இல் நெஞ்சுவலியில் போய்விட்டார். மதினி எனக்கு இன்றும் தீபாவளிக்கு முறுக்குக் கொடுத்தனுப்புகிறார். வாங்கிக்கொள்கிறேன்.

2000களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து புள்ளிராஜா விளம்பரம் வந்தது. டிஷ் வைத்திருந்த வீடுகள் வழியாக எங்கள் லயங்களுக்கும் வந்து சேர்ந்தது. எயிட்ஸ் என்ற சொல்லைத் தேத்தண்ணிக் கடையில் சத்தமாகப் பேச வைத்த விளம்பரம் அது, அதை மறுக்க முடியாது. ஆனால் புள்ளிராஜாவும் போவது பெண்களிடம்தான். என்னைப் போன்றவன் அதைப் பார்த்தால் மறுபடியும் அதே கணக்கைத்தான் போடுவான். இந்தப் பத்துப் பதினைந்து வருஷமாக இலங்கையில் புதிதாக எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்படும் ஆண்களில் ஆண்களோடு உறவு வைத்தவர்களின் பங்கு ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. மொத்தத் தொற்று குறைவான நாடுதான் இது. அந்தக் குறைவுக்குள் எங்கள் பங்கு பெரிது.

கொழும்பு வாழ்க்கை முடிந்து, இப்போது பதுளை டவுனில் தையல் கடை வைத்திருக்கிறேன். இளம் பிள்ளைகள் வருவார்கள், கால்சட்டை அளவெடுக்கிற சாக்கில் வேறு ஏதாவது கேட்பார்கள். போன் ஆப்பில் இத்தனை கிலோமீட்டரில் ஒருவன் என்று காட்டுமாம். மலையில் மூன்று கிலோமீட்டர் என்றால் நடந்து போக இரண்டு மணி நேரம் என்பது அந்த ஆப்புக்குத் தெரியாது. போன வருஷம் ஹாலிஎலப் பக்கத்திலிருந்து இருபத்துமூன்று வயதுப் பையன் ஒருவன் வந்தான். "மாமா, நான் ஒவ்வொரு தடவையும் உறை போடுறேன். ஆனா ரெண்டுல ஒண்ணு கிழிஞ்சிருது. சாமான் போலியா?"

"கூட என்னா பாவிக்கிறே?"

"தேங்காய் எண்ணெதான்."

கடைக் கதவைச் சாத்தினேன். ஒரு உறையை ஊதி முடிச்சுப் போட்டு அவன் கையில் கொடுத்தேன். தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெய்ப் போத்தலைச் சரித்து, ஒரு விரலில் தொட்டு அதன்மேல் தடவச் சொன்னேன். தடவினான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பையன் சிரிக்க ஆரம்பித்தான். அப்புறம் பட்டென்று ஒரு சத்தம், அடுத்த கடை முதலாளி எட்டிப் பார்த்து என்ன என்று கேட்டார். டயர் என்றேன். ரப்பர் பாலில் செய்கிற உறைக்கு எண்ணெய் ஆகாது. தேங்காய் எண்ணெய், வாசலின், பேபி ஆயில் எதுவும் ஆகாது. தண்ணீரில் செய்த வழுக்குப் பசைதான் வேண்டும், பாமசியில் கிடைக்கும். எங்கள் ஊரில் சமையலுக்கும் தலைக்கும் காயத்துக்கும் விளக்குக்கும் ஒரே எண்ணெய். இதற்கும் அதுவே என்று நினைப்பதில் அந்தப் பையன்மேல் என்ன பிழை?

உறை போட்டால் எல்லாம் முடிந்தது என்றும் நான் சொல்வதில்லை. உறை மூடாத இடத்தில் சிபிலிஸ் புண் இருக்கலாம், வாயிலும் வரலாம். அதனால்தான் இரத்தம் கொடுக்க வேண்டும். அடிக்கடி ஆள் மாறுகிறவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மற்றவர்கள் வருஷத்துக்கு ஒருமுறையாவது. கல்லீரலைத் தின்கிற ஹெப்பட்டைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. இங்கே பச்சைப் பிள்ளைகளுக்கு அதைப் போடத் தொடங்கியதே 2003இல்தான், அதற்கு முன் பிறந்தவர்கள் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். எச்.ஐ.வி. வராமல் தடுக்கப் பிரெப் என்று முன்கூட்டியே விழுங்குகிற மாத்திரை வந்துவிட்டது, அரசாங்கக் கிளினிக் வழியாக இலங்கையிலும் கொடுக்கிறார்கள். உறை கிழிந்துவிட்டதா? 72 மணி நேரத்துக்குள் போனால் 28 நாள் மருந்து கொடுத்துத் தடுக்கப் பார்ப்பார்கள். மூன்று நாள் அழுதுவிட்டு நாலாம் நாள் போய்ப் பிரயோசனமில்லை. எச்.ஐ.வி. இருக்கிறது என்று தெரிந்தவர் மருந்தை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் கிருமி அகப்படாத அளவுக்குக் குறைந்து அப்படியே நின்றால், அவரிடமிருந்து படுக்கையில் யாருக்கும் தொற்றாது. இதைச் சொன்னால் நம்பாதவர்கள்தான் அதிகம். அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றிய நாட்களில் என்னிடம் யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

2023 மே மாதம், 365அ பிரிவை மாற்றக் கொண்டுவந்த தனிநபர் மசோதா அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பையன்கள் கடைக்கு வந்து கேக் வெட்டினார்கள். மசோதா பாராளுமன்றத்தில் சட்டமாகவில்லை, கேக்தான் முடிந்தது. போலீஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கிளினிக்காரர் போலீஸுக்குச் சொல்வதில்லை. இருபத்தெட்டு வருஷமாகப் போய்வருகிறேன், ஒருவரும் என்னைப் பற்றி வெளியே ஒரு வார்த்தை பேசியதில்லை.

டாக்டர்கள் எல்லாரும் டி சேரம் பிளேஸ் அம்மா மாதிரி இருக்க மாட்டார்கள். சிலர் இன்றைக்கும் பொம்பளைங்ககிட்ட போனியா என்றுதான் கேட்பார்கள். தம்பிமாரே, கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்: "ஆம்பளைங்ககூட, டாக்டர்." அந்த இரண்டு சொல் 1995இல் என் வாயிலிருந்து வந்திருந்தால் ஒரு பிள்ளைத்தாய்ச்சி விளக்குமாற்றால் அடி வாங்கியிருக்க மாட்டாள்.

பதுளைப் பெரியாஸ்பத்திரியில் எஸ்.டி.டி. கிளினிக் எங்கே என்று கேட்கக் கூச்சமாக இருந்தால் என் கடைக்கு வாருங்கள், கூட்டிக்கொண்டு போகிறேன். காசு வாங்க மாட்டார்கள். லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை, இந்த இரத்தச் சோதனைக்கு ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டே வரலாம்.